மறந்துபோன ராக் குழுக்கள்: எங்கிருந்து தேடத் தொடங்குவது?

கோவை_பேஸ் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் பேஸ் கிட்டார் வாசிப்பவன். கல்லூரியில் ஒரு குழுவில் இருந்தேன். இப்போது வேலைக்குப் போய்க்கொண்டே, வார இறுதியில் நண்பர்களோடு வாசிக்கிறேன். எங்கள் கூட்டத்தில் பழைய ராக் என்றால் லெட் செப்பலின், டீப் பர்ப்பிள், பிங்க் ஃப்ளாய்ட். அதைத் தாண்டி யாரும் போனதில்லை, நான் உட்பட.

போன வாரம் யூடியூபில் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தபோது அடுத்த பாட்டு தானாக ஓடியது. விட்ச் என்ற குழு, 'லேசி போன்ஸ்' என்ற ஆல்பம், 1975. ஆப்பிரிக்காவில் ஜாம்பியா நாட்டுக்காரர்கள் என்று கீழே போட்டிருந்தது. கிட்டார் ரம்பம் அறுக்கிற மாதிரி ஒலிக்கிறது, அதற்கு அடியில் பேஸ் தன் பாட்டுக்கு வேறொரு ராஜ்யம் நடத்துகிறது. கையிலிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு முழு ஆல்பத்தையும் கேட்டேன். இப்படி ஒரு குழு இருந்தது எனக்கு எப்படித் தெரியாமல் போனது?

எனக்குத் தெரிய வேண்டியது இவைதான். இவர்கள் யார், ஏன் காணாமல் போனார்கள்? இவர்களைப் போல வேறு யார் இருக்கிறார்கள், அவர்களைத் தேட ஏதாவது வழி உண்டா? யூடியூபே கையில் கொடுக்கட்டும் என்று காத்திருக்கப் பிடிக்கவில்லை. இன்னொன்று, சில பாட்டுகளின் ஒலிப்பதிவு கரகரவென்று இருக்கிறது. அது மூலப்பதிவே அப்படியா, இல்லை நான் கேட்ட பிரதிதான் மோசமா?

---

ஊசிமுனை எழுதியது:

தம்பி, வேலையைப் போட்டுவிட்டுக் கேட்டேன் என்கிறீர்களே, அந்த பேஸை வாசித்தவர் கிடியன் முவமுலெங்கா. 'கிடி கிங்' என்று கூப்பிடுவார்கள். இன்று அவர் உயிரோடு இல்லை. குழுவில் இருந்த ஐந்து பேரில் மிச்சம் இருப்பது பாடகர் இம்மானுவேல் சாண்டா ஒருவர்தான். ரோலிங் ஸ்டோன்ஸ் பாடகர் மிக் ஜாகரைப் போல மேடையை ஆள்பவர் என்று ரசிகர்கள் ஜகாரி என்று பெயர் வைத்தார்கள், அதுவே நிலைத்துவிட்டது.

ஜாம்பியா 1964 அக்டோபரில் விடுதலை பெற்ற நாடு. பூமிக்கடியில் தாமிரம். கிட்வே போன்ற சுரங்க ஊர்களில் கையில் காசு புரண்ட காலம் அது. சுரங்கத்தில் வேலைபார்க்க வந்த வெளிநாட்டுக்காரர்களோடு இசைத்தட்டுகளும் வந்தன. ஜிமி ஹெண்ட்ரிக்ஸ், ரோலிங் ஸ்டோன்ஸ், ஜேம்ஸ் பிரவுன் எல்லாம் அந்தப் பையன்களின் காதுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அப்புறம் அதிபர் கென்னத் கவுண்டா வானொலியில் 95 சதவீதம் ஜாம்பிய இசையே ஒலிக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். வானொலிக்குத் தீனி வேண்டும், ஊர் முழுக்க கிட்டார் பிடித்த இளைஞர்கள். கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் ஃபஸ் பெடலையும், அழுவதுபோல வளைக்கும் வா-வா பெடலையும் தங்கள் ஊர்த் தாளத்தின் மேல் ஏற்றி, ஆங்கிலத்திலும் உள்ளூர் மொழிகளான பெம்பாவிலும் நியான்ஜாவிலும் பாடினார்கள். பின்னால் இதற்கு ஜாம்ராக் என்று பெயர் வந்தது.

விட்ச் அதில் முன்னோடி. முதல் ஆல்பமான 'இன்ட்ரொடக்‌ஷன்' 70களின் தொடக்கத்தில் வந்தது. சில நூறு பிரதிகள்தான் அச்சாயின, கச்சேரி நடக்கிற இடத்திலேயே விற்றார்கள். அடுத்து 1974இல் 'இன் தி பாஸ்ட்', 1975இல் நீங்கள் கேட்ட 'லேசி போன்ஸ்'. என்னைக் கேட்டால் மூன்றாவதுதான் உச்சம். முதல் ஆல்பத்தில் ஆசையோடு வாசிக்கிற பையன்களைக் கேட்கிறோம். மூன்றாவதில் தங்களுக்கு என்ன வேண்டும் என்று தெரிந்துகொண்ட குழுவைக் கேட்கிறோம். அவசரமே இல்லாமல், இருட்டாக, கனமாக வாசிக்கிறார்கள்.

ஏன் காணாமல் போனார்கள் என்றால், காரணம் இசையில் இல்லை. 1975 வாக்கில் உலகச் சந்தையில் தாமிர விலை விழுந்தது. ஏற்றுமதி வருவாய்க்குத் தாமிரத்தையே நம்பியிருந்த நாடு நிலைகுலைந்தது. சுற்றியிருந்த நாடுகளில் விடுதலைப் போர்கள். ஜாம்பியா போராளிகளுக்கு இடம் கொடுத்ததால் எல்லைக்கு இந்தப் பக்கமும் குண்டு விழுந்தது. ஊரடங்கு, விளக்கணைப்பு. இரவுக் கச்சேரியை நம்பிப் பிழைத்த ஒரு ராக் குழு அப்போது என்ன செய்யும்? பகலில் வாசித்துப் பார்த்தார்கள். கூடவே திருட்டு கேசட் வந்தது, டிஸ்கோ வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, 80களிலும் 90களிலும் எய்ட்ஸ் அந்தத் தலைமுறை இசைக்காரர்களை வரிசையாகக் கொண்டுபோனது. இந்த ஆல்பங்களின் பின்னட்டையில் இருக்கும் பெயர்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தால் மனது தாங்காது.

ஜகாரி குழுவை விட்டு ஆசிரியப் பணிக்குப் போனார். பின்னாளில் இரத்தினக்கல் தோண்டிப் பிழைத்தார். லாஸ் ஏஞ்சலீஸில் உள்ள நவ்-அகெய்ன் என்ற லேபிள் (இசைத்தட்டு வெளியிடும் நிறுவனம்) 2010க்குப் பிறகு இந்த ஆல்பங்களை முறையாக மறுபதிப்பு செய்யத் தொடங்கியது. 2019இல் இத்தாலிய இயக்குநர் ஜியோ அர்லோட்டா அவரைப் பற்றி ஆவணப்படம் எடுத்தார். ஐரோப்பிய இளைஞர்கள் சேர்ந்து வாசிக்க, ஜகாரி மறுபடி மேடையேறினார். 2023இல் 'ஜாங்கோ' என்ற புது ஆல்பமே வந்துவிட்டது. எழுபதைத் தாண்டிய மனிதர், குரலில் இன்னும் அதே துள்ளல்.

சரி, அடுத்து என்ன கேட்பது? முதலில் அமானாஸ். 'ஆப்பிரிக்கா', 1975. இந்தத் திரியிலிருந்து ஒரே ஒரு பெயரைத்தான் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் அதை எடுங்கள். அதில் 'காலா மை ஃபிரெண்ட்' என்று ஒரு பாட்டு, விட்டுப் பிரிகிற நண்பனிடம் சொல்வது மாதிரி மெதுவாகப் போகும். விட்ச் அளவுக்கு அதிரடி கிடையாது, ஆனால் இரவில் தனியாக இருக்கும்போது கேட்டால் விடாது. முரட்டுத்தனம் வேண்டுமென்றால் பால் என்கோசியின் என்கோசி ஃபேமிலி. மூன்றே பேர், பங்க் போல மொட்டையாக அடிப்பார்கள். 2024இல் அமெரிக்க ராப் பாடகர் டைலர் தி கிரியேட்டர் தன் 'நாய்ட்' பாட்டுக்கு சாம்பிள் (பழைய பதிவிலிருந்து ஒரு துண்டு) எடுத்தது இவர்களிடமிருந்துதான். அதைக் கேட்ட கோடிக்கணக்கான பேரில் பால் என்கோசி பெயர் தெரிந்தவர்கள் கொஞ்சம்தான் இருப்பார்கள். ரிக்கி இலிலோங்கா இருந்த மூசி-ஓ-துன்யாவையும் விட்டுவிடாதீர்கள், அதில் தாளக் கருவிகள்தான் ராஜா.

தேடும் வழி பற்றிக் கேட்டீர்கள். பின்னட்டையைப் படியுங்கள், அவ்வளவுதான். எந்த ஸ்டுடியோ, எந்த லேபிள், ஒலிப்பதிவு யார், விருந்தினராக வாசித்தது யார் என்று குறித்துக்கொள்ளுங்கள். இசைத்தட்டுகளைப் பட்டியலிடும் டிஸ்காக்ஸ் தளத்தில் ஒரு லேபிள் பெயரைத் தட்டினால் அந்த லேபிள் வெளியிட்ட எல்லாமே வரிசையாக வரும். சென்னை லில்லி பாண்ட் காம்ப்ளக்ஸில் பழைய இசைத்தட்டுக் குவியலைக் கிளறிய காலத்திலிருந்தே எனக்கு இதுதான் பழக்கம். அட்டைப்படம் பார்த்து வாங்கியதில் பாதி வீணாகப் போயிருக்கிறது. பிடித்த ஸ்டுடியோவின் பெயரைப் பார்த்து எடுத்ததில் வீணானவை குறைவு.

---

டிரம்ஸ்_அக்கா எழுதியது:

ஊசிமுனை அண்ணா ஜாம்பியாவுக்குக் கூட்டிப் போய்விட்டார். நான் அமெரிக்காவின் டெட்ராய்ட்டுக்குக் கூப்பிடுகிறேன்.

டெத் என்று ஒரு குழு. டேவிட், பாபி, டானிஸ் ஹாக்னி, மூன்று பேரும் அண்ணன் தம்பிகள். மோட்டவுன் இசை பிறந்த ஊரில், கறுப்பினப் பையன்கள் ஆர்அண்ட்பி வாசிப்பார்கள் என்று எல்லோரும் எதிர்பார்த்த இடத்தில், இவர்கள் வீட்டு அறைக்குள் உட்கார்ந்து மின்னல் வேகத்தில் ராக் அடித்தார்கள். 1975இல் யுனைடெட் சவுண்ட் ஸ்டுடியோவில் ஏழு பாட்டுகள் பதிவாயின. இசைத்துறைப் பெரும்புள்ளி கிளைவ் டேவிஸுக்கு இசை பிடித்தது, பெயர் பிடிக்கவில்லை. பெயரை மாற்றினால் ஒப்பந்தம் என்று பேச்சு. மூத்தவர் டேவிட் மறுத்துவிட்டார். அப்பாவை விபத்தில் பறிகொடுத்த பிறகு யோசித்து வைத்த பெயர் அது. வாழ்க்கையின் அடுத்த பயணம் என்ற நல்ல அர்த்தத்தில்தான் அவர் அதைப் பார்த்தார். விட்டுக்கொடுக்க முடியாது என்றார், கதவு மூடிக்கொண்டது.

1976இல் சொந்தக் காசில் ஒரு சிங்கிள் போட்டார்கள், 500 பிரதி. 'பாலிடிஷியன்ஸ் இன் மை ஐஸ்' ஒரு பக்கம், 'கீப் ஆன் நாக்கிங்' மறுபக்கம். வானொலிகள் தொடவே இல்லை. சகோதரர்கள் வெர்மான்ட்டுக்குக் குடிபோனார்கள். டேவிட் டெட்ராய்ட்டுக்கே திரும்பிவிட்டார். மற்ற இருவரும் ஜமைக்காவின் ரெகே இசை வாசித்தார்கள். ஒருநாள் டேவிட் மாஸ்டர் டேப்புகளை (மூல ஒலிநாடாக்களை) பாபியிடம் கொடுத்து, உலகம் ஒருநாள் இதைத் தேடி வரும், அப்போது இது உன்னிடம் இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். 2000இல் நுரையீரல் புற்றுநோயில் அவர் இறந்தார். பிறகு அந்தச் சிங்கிள் சேகரிப்பாளர்கள் கையில் விலையேறி, இணையத்துக்கு வந்து, கடைசியில் பாபியின் மகன்கள் காதிலேயே விழுந்தது. அது தங்கள் அப்பாவின் குரல் என்று கண்டுகொண்டார்கள். அப்பா அதுவரை அவர்களிடம் சொன்னதே இல்லை. 2009இல் டிராக் சிட்டி லேபிள் அந்த ஏழு பாட்டுகளையும் ஆல்பமாக வெளியிட்டது.

டிரம்ஸ் வாசிப்பவளாக ஒன்று சொல்கிறேன். 'பாலிடிஷியன்ஸ்' பாட்டில் டானிஸின் ஹை-ஹாட்டை (காலால் மூடித் திறக்கும் ஜோடித் தாளத்தை) மட்டும் கவனித்துக் கேளுங்கள். பங்க் முன்னோடிகள் என்று சொல்லப்படும் ரமோன்ஸின் முதல் ஆல்பம் வந்தது 1976இல். இது அதற்கு முந்தைய பதிவு. பங்க் எங்கே தொடங்கியது என்று எழுதுகிறவர்கள் இந்த ஆறு நிமிடத்துக்குக் கொஞ்சம் இடம் ஒதுக்க வேண்டும்.

---

பழைய_டேப் எழுதியது:

எல்லாம் சரி, ஆனால் ஒரு எச்சரிக்கை. மறந்துபோனதெல்லாம் புதையல் கிடையாது. இப்போது மறுபதிப்பு லேபிள்கள் பெருகிவிட்டன, ஒவ்வொன்றும் சோகக் கதை ஒன்றை ஒட்டி விற்கின்றன. கதையைப் படித்துவிட்டுப் பாட்டைக் கேட்டால் சாதாரணப் பாட்டும் காவியமாகத் தெரியும். முதலில் கதை தெரியாமல் கேட்டுப் பாருங்கள். பாட்டு நின்றால் பிறகு கதையைப் படிக்கலாம். காலம் வடிகட்டியதில் பாதிக்கு மேல் நியாயமான வடிகட்டல்தான்.

---

ஊசிமுனை எழுதியது:

பழைய_டேப், கதை தெரியாமல் கேளுங்கள் என்பது அருமையான யோசனை, அதை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். கோவைத் தம்பியும் கதை தெரியாமல்தான் விட்ச்சைக் கேட்டிருக்கிறார். ஆனால் காலம் வடிகட்டியது நியாயம் என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள முடியவில்லை. வடிகட்டியது காலம் இல்லை, கிடங்கும் லாரியும் விநியோக ஒப்பந்தமும்.

பிக் ஸ்டாரையே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் மெம்ஃபிஸ் ஊர்க் குழு. அலெக்ஸ் சில்டன் 16 வயதில் பாக்ஸ் டாப்ஸ் குழுவில் 'தி லெட்டர்' பாடி, 1967இல் நாட்டிலேயே முதலிடம் பிடித்தவர். கிறிஸ் பெல்லோடு சேர்ந்து 1972இல் முதல் ஆல்பம் வெளியிட்டார். பத்திரிகைகள் எல்லாம் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடின. விமர்சனம் படித்துவிட்டுக் கடைக்குப் போனவர்களுக்கோ ஆல்பம் கிடைக்கவில்லை! ஆல்பத்தை விநியோகித்த ஸ்டாக்ஸ் நிறுவனத்துக்கு 'சோல்' எனும் கறுப்பின இசையை விற்கத் தெரியும், ராக் விற்கத் தெரியாது. பிறகு விநியோகம் கொலம்பியா கைக்குப் போனது, அங்கேயும் சரக்கு கடைக்கு வந்து சேரவில்லை. பத்தாயிரம்கூட விற்கவில்லை என்பார்கள். பெல் 1978 டிசம்பரில் கார் விபத்தில் இறந்தார், வயது 27. சில்டன் நியூ ஆர்லியன்ஸில் ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவியிருக்கிறார். 80களில் ஆர்.இ.எம்., ரீபிளேஸ்மெண்ட்ஸ் போன்ற குழுக்கள் எங்களுக்கு வழிகாட்டி இவர்கள்தான் என்று சொல்லத் தொடங்கிய பிறகுதான் ஊர் திரும்பிப் பார்த்தது.

இதில் கேட்டவர்கள் வேண்டாம் என்று ஒதுக்கினார்களா? கேட்கவே வாய்ப்பு கிடைக்கவில்லை. 'செப்டம்பர் கேர்ள்ஸ்' பாட்டைக் கதை தெரியாத யாரிடமாவது போட்டுக் காட்டுங்கள். வேண்டாம் என்று சொல்பவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

---

பழைய_டேப் எழுதியது:

பிக் ஸ்டார் விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன். 'தர்ட்டீன்' பாட்டு ஒன்று போதும். ஆனால் ஒரு பிக் ஸ்டாருக்கு எத்தனை சுமாரான குழுக்களையும் சேர்த்துத் தூக்க வேண்டியிருக்கிறது என்பதையும் தம்பியிடம் சொல்லிவிடுங்கள்.

---

கோவை_பேஸ் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அமானாஸ் முழுவதும் கேட்டேன், இரண்டாம் தடவையும் கேட்டேன். டெத் ஆல்பத்தை எங்கள் டிரம்மருக்கு அனுப்பினேன், அவன் நள்ளிரவில் ஃபோன் செய்து கத்தினான். ஒன்று கேட்கலாமா? நம் நாட்டில் அந்தக் காலத்தில் இப்படி ராக் குழுக்கள் இருந்தனவா? என் அப்பா வயதுக்காரர்களைக் கேட்டால் சினிமாப் பாட்டைத்தான் சொல்கிறார்கள். அப்புறம், ஒலித்தரம் பற்றிக் கேட்டிருந்தேனே.

---

ஊசிமுனை எழுதியது:

இருந்தார்கள் தம்பி, நிறையவே இருந்தார்கள். 1970, 71 ஆண்டுகளில் சிம்லா பீட் என்று அகில இந்திய ராக் போட்டி நடந்தது. சிம்லா சிகரெட் விளம்பரத்துக்காக இம்பீரியல் டுபாக்கோ நடத்தியது. இரண்டு ஆண்டும் தேர்வான குழுக்களின் பாட்டுகளைத் தொகுத்து எல்பி போட்டார்கள். பம்பாய், கல்கத்தா, பெங்களூர், ஷில்லாங் குழுக்களோடு நம் மெட்ராஸ் குழுக்களும் அதில் உண்டு. 1970 தட்டில் 'தி கன்ஃப்யூஷன்ஸ்' என்ற பெயரைத் தேடுங்கள், அவர்கள் மெட்ராஸ்காரர்கள். விளம்பரத்துக்காக அச்சடித்த தட்டு என்பதால் அன்றைக்கு யாரும் பத்திரப்படுத்தவில்லை. பிற்பாடு வெளிநாட்டு சேகரிப்பாளர்கள் அதை வலைவீசித் தேடினார்கள், மறுபதிப்பும் வந்தது.

அப்புறம் பம்பாயின் அட்டாமிக் ஃபாரெஸ்ட். ஃபங்கும் சைகடெலிக் ராக்கும் கலந்து அடித்த குழு. அவர்களுடைய ஒரே ஆல்பம், குழு கலைந்தபிறகு 1981இல்தான் கடைக்கு வந்தது. அதை மறுபதிப்பு செய்தது யார் தெரியுமா? அதே நவ்-அகெய்ன். ஒரு லேபிள் பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் கிட்வேயில் தொடங்கி பம்பாயில் வந்து நிற்கிறோம். இதற்காகத்தான் லேபிளைப் பாருங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

அப்பா வயதுக்காரர்களை இன்னொரு தடவை கேளுங்கள், கேள்வியை மட்டும் மாற்றிக் கேளுங்கள். ராக் குழு தெரியுமா என்று கேட்காதீர்கள். கல்லூரி விழாவில் யார் வாசித்தார்கள், ஹோட்டலில் புத்தாண்டு இரவுக்கு எந்த பேண்ட் வந்தது, உங்கள் தெருவில் எலெக்ட்ரிக் கிட்டார் யாரிடம் இருந்தது என்று கேளுங்கள். பெயர்கள் வரும். வந்தால் ஃபோனில் பதிவு செய்துவிடுங்கள், தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். அந்தத் தலைமுறைக்கு இப்போது எழுபது, எண்பது வயது. பழைய ஸ்பூல் டேப், கேசட் ஏதாவது பரணில் கிடக்கிறதா என்றும் விசாரியுங்கள். கிடைத்தால் நீங்களே வீட்டில் ஓட்டிப் பார்க்க வேண்டாம். பழைய டேப்பில் மேல்பூச்சு உரிந்து வரும், தவறாக ஓட்டினால் ஒலி போனது போனதுதான். டேப் மாற்றிக் கொடுக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

ஒலித்தரத்துக்கு வருகிறேன். இரண்டு விஷயமும் உண்டு. மாஸ்டர் டேப் தொலைந்த இடங்களில் பழைய இசைத்தட்டையே ஓட்டித்தான் மறுபதிப்பு செய்வார்கள், தட்டில் உள்ள கீறலும் கூடவே வரும். அதுபோக, யூடியூபில் யாரோ ஏற்றிய பிரதிகளில் வேகமே தப்பாக இருக்கும். சுருதி அரைக்கட்டை ஏறி நிற்கும். நீங்கள் பேஸ் எடுத்து உடன் வாசித்துப் பார்த்தால் உடனே பிடிபட்டுவிடும். அமானாஸ் ஆல்பத்தில் இன்னொரு சுவாரஸ்யம், அதற்கு இரண்டு மிக்ஸ் (ஒலிக்கலவை) இருக்கின்றன. ஒன்று வறண்டு, கருவிகள் எல்லாம் பக்கத்திலேயே நின்று வாசிப்பதுபோல. மற்றது எதிரொலி போட்டு நனைத்தது. மறுபதிப்பில் இரண்டையும் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு வறண்டதுதான் பிடிக்கும், மூச்சு விடுகிற சத்தம் வரை கேட்கிற மாதிரி இருக்கும்.

---

டிரம்ஸ்_அக்கா எழுதியது:

எனக்கு நனைந்தது! இதில் அண்ணாவோடு சண்டை உண்டு.

கோவை_பேஸ், ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். பிடித்த ஆல்பத்தை பேண்ட்கேம்ப் என்ற இசை விற்பனைத் தளத்திலோ, அதிகாரபூர்வ மறுபதிப்பாகவோ வாங்கிவிடுங்கள். இப்படிப்பட்ட இசைக்குத் திருட்டு அச்சு நிறைய. ஐரோப்பாவில் யாரிடமும் கேட்காமல் தட்டு போட்டு விற்ற கூட்டம் பல ஆண்டுகளாக உண்டு, வாசித்தவர்களுக்கு ஒரு பைசா போகாது. வாங்குவதற்கு முன் உள்தாளில் இசைக்காரர்களின் அனுமதி பற்றி ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். நல்ல லேபிள்கள் அதைத் தெளிவாகப் போடும். அவர்களோடு எடுத்த பேட்டியும் பழைய புகைப்படங்களும் கூடவே வரும்.

---

கோவை_பேஸ் எழுதியது:

அக்கா, 'ஆப்பிரிக்கா' ஆல்பத்தை இரண்டு மிக்ஸும் சேர்த்து வாங்கிவிட்டேன். உங்கள் சண்டையில் இப்போதைக்கு அண்ணா கட்சி.

ஊசிமுனை அண்ணா, நீங்கள் சொன்னபடி கேள்வியை மாற்றி அப்பாவிடம் கேட்டேன். உடனே ஒரு பெயர் வந்தது. அவர் படித்த கல்லூரியில் சீனியர் ஒருவர் லீட் வாசிப்பாராம், நாலு பேர் குழு, விழாவுக்கு விழா இங்கிலீஷ் பாட்டு. அந்த சீனியர் இப்போது ஊட்டிப் பக்கம் இருக்கிறார் என்று அப்பாவின் நண்பர் சொல்கிறார், எண்ணும் வாங்கிக் கொடுத்திருக்கிறார். இந்த வாரம் கூப்பிடப் போகிறேன். முதலில் என்ன கேட்கலாம்?

---

ஊசிமுனை எழுதியது:

குழுவின் பெயர், யார் யார் என்ன வாசித்தார்கள், எந்த ஆண்டு. அதை முதலில் வாங்கிக்கொள்ளுங்கள். சொந்தமாகப் பாட்டு எழுதினார்களா என்று கேளுங்கள். கிட்டாரும் ஆம்ப்ளிஃபயரும் எங்கே கிடைத்தன என்று கேளுங்கள், அந்தக் காலத்தில் அதுவே பெரிய கதையாக இருக்கும். பல பேர் வானொலிப் பெட்டியைப் பிரித்து ஆம்ப் செய்துகொண்டவர்கள். பேட்டி மாதிரி நடத்தாமல், உங்கள் பேஸைக் கையில் எடுத்துக்கொண்டே நேரில் போக முடிந்தால் இன்னும் நல்லது. அவர் என்ன சொன்னார் என்று இங்கேயே வந்து எழுதுங்கள், புகைப்படம் போட அனுமதியும் கேட்டுக்கொள்ளுங்கள்.